வரப்பும் வள்ளமும்

(நாகர்கோவிலில் ஒரு நூலக வாசகர் கூட்டத்தில், ஓய்வுபெற்ற கணித ஆசிரியர் ஒருவர் ஆற்றிய சொற்பொழிவின் எழுத்து வடிவம்)

மழை தொடங்கிவிட்டால் நம் ஊர்ப் பெரியவர்கள் பேப்பரை விரித்ததும் அரசியலைத் தேடுவதில்லை. அணையின் நீர்மட்டத்தைத்தான் தேடுவார்கள். பேச்சிப்பாறைக்கு 48 அடி, பெருஞ்சாணிக்கு 77 அடி என்பது பள்ளிக்கூடப் பக்கம் போகாத பாட்டிக்கும் மனப்பாடம். ‘இன்னைக்கு எத்தனை அடி கெடக்கு?’ என்று கேட்கிறவருக்கு உண்மையில் வேண்டியது ஒரு எண் இல்லை. கும்பப்பூப் பயிருக்குத் தண்ணி காணுமா, ஆற்றங்கரையில் குடியிருப்பவன் சாமானை மச்சில் ஏற்ற வேண்டுமா என்பதுதான் அவர் கேள்வி. மட்டம் ஒரு கோட்டுக்கு மேலே கிடக்கிறதா, கீழே கிடக்கிறதா? அவ்வளவுதான். அணையில் தண்ணீர் சரியாக 42 அடியில் நிற்கிறதா என்று கேட்டு யாரும் தூக்கம் கெட்டதில்லை.

பள்ளிக்கூடத்தில் நாங்கள் செய்வது இதற்கு நேர் எதிர். பத்தாம் வகுப்பு முடியும்வரை சமம், சமம், சமம் என்றே பிள்ளைகளைப் பழக்குகிறோம். இந்தப் பக்கம் உள்ளதை அந்தப் பக்கம் கொண்டுபோ, குறியை மாற்று, விடையைக் கட்டம் கட்டு. பதினோராம் வகுப்பில் ‘அடிப்படை இயற்கணிதம்’ என்ற பாடத்தில், சமக்குறி இருந்த இடத்தில் ஒரு கொக்கி வந்து உட்கார்ந்துகொள்கிறது. இதற்கு நம் பாடப்புத்தகம் வைத்திருக்கும் பெயர் அசமன்பாடு. இலங்கைத் தமிழர்கள் சமனிலி என்கிறார்கள். எனக்கு அந்தச் சொல்தான் பிடிக்கும். வாயில் தடங்காமல் வருகிறது. ஆனாலும் நம் பிள்ளைகள் தேர்வில் பார்க்கப்போவது அசமன்பாடு என்பதால் அதையே சொல்கிறேன்.

இந்தக் கொக்கிக்கு வயது குறைவு. இரண்டு இணைகோடுகளைச் சமத்துக்கு அடையாளமாக ராபர்ட் ரெக்கார்டு என்ற வேல்ஸ்காரர் 1557-இல் அச்சில் ஏற்றினார். கூடுதலுக்கும் குறைவுக்கும் ஆன கொக்கிகள் தாமஸ் ஹாரியட்டின் புத்தகத்தில், அவர் இறந்து பத்து ஆண்டு கழித்து, 1631-இல்தான் வந்தன. சமத்துக்கு 74 வருஷம் மூப்பு. அந்த மூப்பைப் பள்ளிக்கூடம் இன்னும் மதித்துக்கொண்டிருக்கிறது என்று நான் வேடிக்கையாகச் சொல்வதுண்டு.

இன்றைக்குத் தெரியாத எண்ணுக்கு எக்ஸ் என்று சொல்லாமல் வேறொன்று சொல்லப் போகிறேன். பாஸ்கராச்சாரியார் 1150 வாக்கில் எழுதிய பீஜகணிதத்தில் தெரியாத எண்ணுக்கு ‘யாவத்தாவத்’ என்று பெயர். எவ்வளவோ அவ்வளவு என்று பொருள். எழுதும்போது சுருக்கி ‘யா’ என்று போடுவார்கள். நானும் யா என்றே வைத்துக்கொள்கிறேன்.

முப்பத்து நான்கு ஆண்டு விடைத்தாள் திருத்தியவன் நான். யா² > 9, யா என்ன என்று கேட்டால் பாதிப் பிள்ளைகள் எழுதும் விடை: யா > ±3. இதை ஒருமுறை வாய்விட்டுச் சொல்லிப் பாருங்கள். ‘யா என்பது கூட்டல் மூன்றுக்கும் மேல், கழித்தல் மூன்றுக்கும் மேல்.’ அப்படியானால் 0 தேறுமா? கழித்தல் மூன்றுக்கு மேலேதான் இருக்கிறது. ஆனால் அதன் வர்க்கம் 0. ஒன்பதின் பக்கம்கூட வராது. அந்தப் பிள்ளைக்கு மூளை இல்லாமல் இல்லை. யா² = 9 என்ற கணக்கில் யா = ±3 என்று எழுதி நான்கு வருஷமாக மதிப்பெண் வாங்கியிருக்கிறது. சமக்குறியை அழித்துவிட்டுக் கொக்கியைப் போட்டால் போதும் என்று நினைக்கிறது. நினைக்க வைத்தது நாங்கள்.

இன்னொரு தவறு இதற்கு அண்ணன். (யா − 1)(யா − 4) > 0. உடனே யா > 1, யா > 4 என்று இரண்டு வரி. பெருக்கல் பூச்சியமானால் ஏதாவது ஒன்று பூச்சியம் என்பது சரிதான்; பெருக்கல் நேர்மறை என்றால் இரண்டும் நேர்மறையாக இருக்க வேண்டியதில்லை. இரண்டும் கடனாக இருந்தாலும் பெருக்கினால் வரவுதான். கடன் என்று நான் சும்மா சொல்லவில்லை. பிரம்மகுப்தர் 628-இல் எழுதிய நூலில் நேர்மறைக்குத் தனம், எதிர்மறைக்கு ருணம், அதாவது சொத்து, கடன் என்றே பெயர் வைத்தார். எதிர்மறை எண்ணால் பெருக்கினால் கொக்கி ஏன் திரும்ப வேண்டும் என்று கேட்கும் பிள்ளைக்கு இதைவிட நல்ல விளக்கம் கிடையாது. மூன்று ரூபாய் வைத்திருப்பவனைவிட ஐந்து ரூபாய் வைத்திருப்பவன் பெரியவன். மூன்று ரூபாய் கடன்காரனைவிட ஐந்து ரூபாய் கடன்காரன் கீழே. அவ்வளவுதான் விஷயம்.

மூன்றாவது தவறு, யா² > 5யா என்று கொடுத்தால் இரண்டு பக்கமும் யா-வை அடித்துவிட்டு யா > 5 என்று முடிப்பது. யா கடனாக இருந்தால் என்ன ஆகும் என்று யோசிக்காமல் அடித்தது. கழித்தல் ஒன்றைப் போட்டுப் பாருங்கள்: இந்தப் பக்கம் 1, அந்தப் பக்கம் −5. பொருந்துகிறது. ஐந்துக்கு மேல் இல்லாமலே பொருந்துகிறது. பூச்சியத்துக்குக் கீழே உள்ள எண்கள் எல்லாவற்றையும் அந்தப் பிள்ளை ஒரே கோட்டில் வெட்டிப் போட்டுவிட்டது.

சரி, எப்படிச் செய்வது? நான் வேலைக்குச் சேர்ந்த பள்ளிக்கூடத்தில் இரண்டு வகைப் பிள்ளைகள் உண்டு. தோவாளை, பூதப்பாண்டி பக்கத்து வயக்காட்டுப் பிள்ளைகள்; முட்டம், குளச்சல் பக்கத்துக் கடற்கரைப் பிள்ளைகள். ஒரே உதாரணம் இரண்டு பேருக்கும் செல்லாது. அதனால் இரண்டு வைத்திருந்தேன்.

வயக்காட்டுப் பிள்ளைகளுக்கு வரப்பு. யா² − 7யா + 10 < 0 என்று ஒரு கணக்கு. இடப்பக்கத்தைக் காரணியாகப் பிரித்தால் (யா − 2)(யா − 5). இது பூச்சியமாகும் இடங்கள், அதாவது மூலங்கள், 2, 5. சமன்பாடாக இருந்திருந்தால் இத்தோடு முடிந்தது. இந்த இரண்டு எண்களும்தான் விடை. இங்கே இவை விடை இல்லை, வரப்பு. எண்கோடு என்பது ஒரு நீளமான ஏலா, அதாவது வயல்வெளி, என்று வைத்துக்கொள்ளுங்கள். 2-இல் ஒரு வரப்பு, 5-இல் ஒரு வரப்பு. ஏலா மூன்று வயலாகப் பிரிந்துவிட்டது: இரண்டுக்கு இந்தப் புறம், இரண்டுக்கும் ஐந்துக்கும் நடுவில், ஐந்துக்கு அந்தப் புறம். இனி ஒவ்வொரு வயலிலும் என்ன பயிர் என்று பார்க்க வேண்டும், கூட்டலா, கழித்தலா என்று.

முதல் வயலில் 0-ஐ எடுத்துப் போட்டால் 10 வருகிறது, கூட்டல். நடு வயலில் 3: ஒன்பது கழித்தல் இருபத்தொன்று கூட்டல் பத்து, −2, கழித்தல். கடைசி வயலில் 6: 36 − 42 + 10, நான்கு, கூட்டல். நமக்கு வேண்டியது பூச்சியத்துக்குக் கீழே. நடு வயல். 2 < யா < 5.

இந்த இடத்தில் புத்திசாலிப் பிள்ளை ஒன்று கையைத் தூக்க வேண்டும். தூக்கவில்லை என்றால் ஆசிரியரே தூக்கச் சொல்ல வேண்டும். நடு வயலில் மூன்றை மட்டும்தானே பார்த்தோம்? 2.7 இருக்கிறது, 4.999 இருக்கிறது, கணக்கில்லாத எண்கள் இருக்கின்றன. ஒன்றைப் பார்த்து எல்லாவற்றுக்கும் எப்படித் தீர்ப்புச் சொல்வது?

ஒரு பானை சோற்றுக்கு ஒரு சோறு பதம் என்பார்கள் வீட்டில். ஆனால் சமையல் தெரிந்தவர்களுக்கு இந்தப் பழமொழி எப்போது பொய்க்கும் என்றும் தெரியும். பானையில் ஒரு பக்கம் மட்டும் தீ பிடித்தால், மேல்சோறு வெந்து அடிச்சோறு குழைந்து கிடக்கும். ஒரு சோறு பதம் சொல்ல வேண்டுமானால் பானை முழுக்க ஒரே பதமாக இருக்கிறது என்று வேறு ஏதாவது உறுதி வேண்டும். இயற்கணிதத்தில் அந்த உறுதி இருக்கிறது. யா சிறிது நகர்ந்தால் இந்தக் கோவையின் மதிப்பும் சிறிதுதான் நகரும், தாவாது. தாவாமல் கூட்டலிலிருந்து கழித்தலுக்குப் போக வேண்டுமானால் நடுவே பூச்சியத்தை மிதித்துத்தான் போக வேண்டும். பூச்சியம் இருப்பது 2-இலும் 5-இலும் மட்டும். ஆகவே ஒரு வயலுக்குள் குறி மாற வழியே கிடையாது. வரப்பேறாமல் ஒரு வயலிலிருந்து அடுத்த வயலுக்குப் போக முடியாது என்பதுபோல. எல்லாருக்கும் தெரிந்த இந்த விஷயத்தை முறையாக நிரூபிக்க ஐரோப்பாவில் 1817வரை ஆனது. போல்சானோ என்ற பிராகா நகரத்துப் பாதிரியார் செய்தார்.

தாவுகிற கோவைகளும் உண்டு. (யா − 2)-ஐ (யா − 5)-ஆல் வகுத்தால், யா ஐந்தை நெருங்கும்போது பகுதி பூச்சியத்தை நெருங்கி, மதிப்பு பாதாளத்துக்கு விழுந்து, அடுத்த நொடி ஆகாசத்தில் நிற்கும். பூச்சியத்தைத் தொடாமலே குறி மாறிவிட்டது. அதனால் பின்னம் வந்தால் பகுதி பூச்சியமாகும் இடத்திலும் ஒரு வரப்புப் போட்டுக்கொள்ள வேண்டும். அந்த வரப்பில் கால் வைக்கவே கூடாது என்பது மட்டும் வித்தியாசம்.

வரப்பில் கால் வைக்கலாமா கூடாதா என்பது சின்ன விஷயம் இல்லை. கொக்கிக்கு அடியில் கோடு இருந்தால் வரப்பும் சேர்த்தி. கோடு இல்லையென்றால் வரப்பு நம்முடையது இல்லை. இந்த ஒரு கோட்டை மறந்து அரை மதிப்பெண் இழக்கிற பிள்ளைகளிடம் நான் சொல்வேன்: ‘மக்களே, வரப்பு ஆருக்குன்னு கோர்ட்டுக்குப் போயி, வயலையே வித்துப் பீஸ் கெட்டின குடும்பம் நம்ம ஊர்ல உண்டும். நீ அரை மார்க்குக்கு அழுதியா?’

கடற்கரைப் பிள்ளைகளுக்கு வரப்பு சொன்னால் மரியாதைக்குத் தலையாட்டுவார்கள். அவர்களுக்கு வள்ளம். யா² வருகிற கோவையை வரைந்தால் பரவளையம் வரும் என்று புத்தகம் சொல்கிறது. கரும்பலகையில் வரைந்து காட்டினால் முன்னால் நின்று பார்த்த வள்ளம் மாதிரியே இருக்கும். கிடைக்கோடு, அதாவது பூச்சியக்கோடு, கடல்மட்டம். வள்ளம் தண்ணீரில் இறங்கி நின்றால் கடல்மட்டம் அதன் பக்கங்களை இரண்டு இடத்தில் தொடும். அந்த இரண்டுக்கும் நடுவே உள்ள அடிப்பகுதி தண்ணீருக்குள் முங்கிக் கிடக்கும். அதுதான் பூச்சியத்துக்குக் கீழே. இரண்டு பக்க மேல்மரமும் வெளியே தெரியும். அது பூச்சியத்துக்கு மேலே. இரு மூலங்களுக்கும் நடுவே கழித்தல், வெளியே கூட்டல். மனப்பாடம் செய்ய எதுவுமில்லை.

யா²-க்கு முன்னால் கழித்தல் குறி இருந்தால் வள்ளம் கவிழ்ந்து கிடக்கிறது. இப்போது நடுவே உள்ளது மேலே, வெளியே உள்ளது கீழே. ‘கவுந்த வள்ளத்தை முதல்ல நிமித்துங்க, பெறவு கணக்கப் பாப்போம்’ என்று ஒரு முட்டத்துப் பையன் சொன்னான். மொத்தத்தையும் −1-ஆல் பெருக்கிக் கொக்கியைத் திருப்புவதற்கு இதைவிட நல்ல பெயர் எனக்குக் கிடைக்கவில்லை. அதற்குப் பிறகு வகுப்பில் அந்தப் படிக்கு நிமிர்த்துதல் என்றே பெயர்.

வள்ளத்தைக் கரையில் ஏற்றி வைத்திருந்தால்? யா² − 6யா + 10 > 0. காரணி வராது. முந்தைய கணிதர் ஸ்ரீதரர் சொன்ன வழியென்று பாஸ்கரர் எடுத்துக்காட்டும் வர்க்கப்பூர்த்தியைக் கையாண்டால் இது (யா − 3)² + 1. ஒரு வர்க்கம் ஒருபோதும் கடனாகாது. அதோடு ஒன்று கூட்டினால் எப்போதும் பூச்சியத்துக்கு மேல். வள்ளம் கடலைத் தொடவே இல்லை. பாடப்புத்தகம் தன்மைகாட்டி என்று சொல்லும் எண் கழித்தல் குறியோடு வருவதற்குப் பொருள் அதுதான். அந்த நிலையில் ‘மூலங்கள் இல்லை, ஆகவே விடை இல்லை’ என்று எழுதிவிடுகிறார்கள். மூலம் இல்லாதது சமன்பாட்டுக்கு. இந்த அசமன்பாட்டுக்கு ஏலா முழுவதும் விடை. நடுவே ஒரு வரப்புகூட இல்லாத ஏலா.

இதுவரை சொன்னது பாடம். பாடத்துக்கு வெளியே எனக்கு நடந்ததைச் சொல்கிறேன். இதில்தான் நான் அதிகம் படித்தேன்.

என்னிடம் படித்த ஒருவர் தோவாளைச் சந்தையில் பூ வியாபாரம் செய்கிறார். விடியும் முன்பே சந்தை கூடிவிடும். பிச்சியும் மல்லிகையும் அரளியும் வந்து இறங்கி, கேரளத்துக்கும் மற்ற ஊர்களுக்கும் ஏறும். முகூர்த்த நாளில் ஒரு விலை, மறுநாள் ஒரு விலை. ஒருநாள் அவர் கடையில் உட்கார்ந்து ஒரு கணக்குப் போட்டுக் காட்டினேன். எண்கள் நான் வசதிக்கு வைத்தவை, சந்தை விலை இல்லை.

பிச்சி கிலோ 300 ரூபாய்க்கு வாங்குகிறீர்கள். 300-க்கே விற்றால் 50 கிலோ போகும், லாபம் இல்லை. விலையை 10 ரூபாய் கூட்டும் ஒவ்வொரு தடவையும் ஒரு கிலோ குறைவாகப் போகும். யா தடவை கூட்டினால் கிலோவுக்கு லாபம் 10யா. விற்பது 50 − யா கிலோ. மொத்த லாபம் 10யா(50 − யா). நாலாயிரம் ரூபாயாவது கிடைக்க வேண்டும் என்றால் எந்த விலை வைக்கலாம்? 10யா(50 − யா) ≥ 4000. பத்தால் வகுத்து, நிமிர்த்தினால், யா² − 50யா + 400 ≤ 0. அதாவது (யா − 10)(யா − 40) ≤ 0. பத்துக்கும் நாற்பதுக்கும் நடுவே. விலை 400-லிருந்து 700வரை எங்கே வைத்தாலும் நாலாயிரம் கிடைக்கும். நடுவில், 550-இல், அதிகபட்சம் 6250.

நான் பெருமையாக நிமிர்ந்து பார்த்தேன். அவர் பூவைக் கூறு பிரித்துக்கொண்டே சொன்னார்:

‘சார், கணக்கு சரிதான். எழுநூறுக்கு வித்தா பத்து கிலோதான் போவும்னு சொல்லுதிய. மிச்சம் நாப்பது கிலோ எங்க போச்சு? அதுக்கு நான் துட்டு குடுத்துல்லா வாங்கியிருக்கேன்? சாயங்காலம் ஆனா வாடிப் போவும். வாடின பூவ நீங்களா வாங்குவிய?’

நான் போட்டது, விற்கிற அளவுக்கு மட்டும் வாங்குகிறவனுடைய கணக்கு. பூக்காரன் விடிகாலையில் 50 கிலோவையும் எடுத்துவிடுகிறான். அதற்குப் பிறகுதான் எவ்வளவு போகும் என்று தெரியும். அவர் சொன்னபடி திரும்பப் போட்டேன். விற்ற பணம் (300 + 10யா)(50 − யா). கொடுத்த பணம் 15,000. கழித்தால் மிஞ்சுவது 200யா − 10யா², அதாவது 10யா(20 − யா). ஒரே ஒரு எண் மாறியது, ஐம்பது இருந்த இடத்தில் இருபது. ஆனால் வள்ளமே சுருங்கிவிட்டது. நாலாயிரம் லாபமெல்லாம் கனவு. உச்சம் யா = 10-இல், 400 ரூபாய் விலையில், வெறும் 1000. 750 ரூபாயாவது வேண்டும் என்றால் யா² − 20யா + 75 ≤ 0. ஐந்துக்கும் பதினைந்துக்கும் நடுவே. விலை 350-க்கும் 450-க்கும் நடுவே. 500-ஐத் தாண்டினால் நட்டம். நான் ‘எங்கே வைத்தாலும் கிடைக்கும்’ என்று சொன்ன 700-இல் விற்றிருந்தால்? பத்து கிலோ, ஏழாயிரம் வரவு, பதினையாயிரம் செலவு. எட்டாயிரம் போயிருக்கும். சாரைப் பார்த்து அவர் ஒரு சொல்லும் சொல்லவில்லை. ஒரு முழம் பிச்சி கட்டிக் கொடுத்துவிட்டார், வீட்டுக்கு.

காரணிப்படுத்தியதிலும் கொக்கியிலும் நான் எங்கேயும் பிழை செய்யவில்லை. முதல் வரியில் செய்தேன். 0 ≤ யா, யா ≤ 50 என்பதுபோன்ற நிபந்தனைகளைப் புத்தகத்தில் ஓரமாகப் போட்டுவிடுகிறோம். வாழ்க்கையில் கணக்கே அந்த ஓரத்தில்தான் இருக்கிறது. கோவையை யார் கொடுத்தார்கள் என்று கேட்கும் பழக்கம் தேர்வறையில் வராது. அங்கே கோவை கேள்வித்தாளில் அச்சாகி வந்துவிடுகிறது.

இன்னொன்றும் அந்தக் கடையில் தெரிந்தது. 10யா(20 − யா) என்ற அந்தக் கோவையில் பத்தை விட்டுவிடுங்கள். யா(20 − யா) என்ன? நாற்பது அடி வேலிக்கம்பி கொடுத்து, நீள்சதுரமாக ஒரு தோட்டத்தை வளைத்துக்கொள் என்றால், ஒரு பக்கம் யா, மறு பக்கம் 20 − யா, பரப்பு யா(20 − யா). பூக்காரனுடைய லாபமும் தோட்டக்காரனுடைய பரப்பும் ஒரே கணக்கு. இரண்டும் நூறைத் தாண்டாது. ஏனென்றால் நூறிலிருந்து அதைக் கழித்தால் மிஞ்சுவது (யா − 10)². வர்க்கம் கடனாகாது. அது பூச்சியமாவது பத்தில் மட்டும், தோட்டம் சதுரமாக இருக்கும்போது. ‘நாற்பது அடிக் கம்பியில் நூற்றொரு சதுர அடி வளைத்துத் தருகிறேன்’ என்று எவனாவது சொன்னால், நீள்சதுரமாகவே வளைப்பதானால், அவனை நம்ப வேண்டாம். வட்டமாக வளைப்பேன் என்று சொன்னால் நம்பலாம்.

மூலம் கிடைத்த பிறகும் அதைத் தள்ள வேண்டிய இடம் ஒன்று உண்டு. பாஸ்கரர் பீஜகணிதத்தில் ஒரு குரங்குக் கூட்டத்தை வைத்து இதைச் சொல்கிறார். கூட்டத்தில் ஐந்தில் ஒரு பங்கை எடுத்து, அதில் மூன்று குறைத்து, வர்க்கமாக்கினால் வரும் அத்தனை குரங்குகள் குகைக்குள் போய்விட்டன. மரக்கிளையில் ஒன்று தெரிகிறது. கூட்டத்தில் எத்தனை? சமன்பாடு யா² − 55யா + 250 = 0 என்று வரும்; மூலங்கள் 50, 5. ஐம்பது சரி. ஐந்து என்றால், ஐந்தில் ஒரு பங்கு ஒன்று. ஒன்றில் மூன்று குறைத்தால் கடன். அதை வர்க்கமாக்கினால் 4 என்று சரியாகத்தான் வருகிறது, ஒன்று கூட்டினால் ஐந்து, சமன்பாட்டுக்கு ஒரு குறையும் இல்லை. ஆனால் கடன் குரங்கு குகைக்குள் போகாது, உலகம் ஒப்பாது என்று பாஸ்கரர் ஐந்தைத் தள்ளுகிறார். அவர் கையில் கொக்கி இல்லை. ஆனால் யா/5 − 3 பூச்சியத்துக்குக் குறையக்கூடாது என்ற அசமன்பாட்டைத்தான் அங்கே வைத்தார். இதே நூலில் இன்னொரு கூட்டத்துக்கு 48, 16 என்று இரண்டு விடை வருகிறது, இரண்டையும் ஏற்றுக்கொள்கிறார். விடையைத் தள்ளுவதற்கும் வைத்துக்கொள்வதற்கும் கணக்குக்கு வெளியே போய்ப் பார்த்திருக்கிறார்.

வண்டி ஓட்டுகிறவர்களுக்கு ஒரு கணக்கு. பிரேக்கை மிதிக்க வேண்டும் என்று மூளைக்குத் தோன்ற ஒரு நொடி ஆகும் என்று வையுங்கள். அந்த நொடியில் வண்டி, வேகம் நொடிக்கு யா மீட்டர் என்றால், யா மீட்டர் ஓடிவிடும். பிறகு சாதாரணமாகப் பிடித்து நிறுத்த யா²/10 மீட்டர் ஆகும். இருபது மீட்டர் முன்னால் ஒரு பிள்ளை பந்தைத் துரத்திக்கொண்டு ரோட்டுக்கு வருகிறது. யா + யா²/10 ≤ 20. அதாவது (யா − 10)(யா + 20) ≤ 0. வரப்புகள் −20-இலும் 10-இலும். கழித்தல் இருபது வேகத்தில் யாரும் முன்னால் போவதில்லை, அந்தப் பக்கத்து வயலைப் பாஸ்கரர் மாதிரித் தள்ளிவிடுங்கள். மிஞ்சுவது நொடிக்குப் பத்து மீட்டர். மணிக்கு 36 கிலோமீட்டர். எழுபத்திரண்டில் போகிறவனுக்கு இரண்டு மடங்கு இடம் போதாது. இருபது கூட்டல் நாற்பது, 60 மீட்டர், மூன்று மடங்கு வேண்டும். நம் ஊர்ச் சந்துகளில் 60 மீட்டர் நேராகப் போகிற சந்து எது என்று எனக்குத் தெரியவில்லை.

கடைசியாக ஒரு ஆளைப் பற்றிச் சொல்ல வேண்டும். இந்த ஊரில் இந்தத் தலைப்பில் பேசிவிட்டு அவர் பெயரைச் சொல்லாமல் இறங்கினால் என் மனது ஒப்பாது. எஸ்.எஸ். பிள்ளை, சுப்பையா சிவசங்கரநாராயண பிள்ளை. 1901-இல் குற்றாலத்துக்குப் பக்கத்தில் வல்லத்தில் பிறந்தவர். ஒரு வயதில் தாயை இழந்தவர். பள்ளிப் படிப்பு முடியும் நேரத்தில் தகப்பனாரும் போய்விட்டார். பள்ளிக்கூடத்தில் ஒரு சாஸ்திரியார் தம் சம்பளத்தில் இருந்து உதவிப் படிக்க வைத்தார். இன்டர்மீடியட் படித்தது இங்கே, நம் ஸ்காட் கிறிஸ்தவக் கல்லூரியில். பிறகு திருவனந்தபுரம், சென்னை. 1929 முதல் பன்னிரண்டு வருஷம் அண்ணாமலைப் பல்கலைக்கழகம்.

அவர் எடுத்துக்கொண்ட கேள்வி எட்வர்ட் வாரிங் 1770-இல் கேட்டது. எந்த எண்ணையும் நான்கு வர்க்கங்களுக்குள் கூட்டி எழுதிவிடலாம். 7 என்றால் 4, 1, 1, 1. கனங்கள் என்றால் ஒன்பது போதும். ஆறாம் படி என்றால் எத்தனை போதும்? 703 என்ற எண்ணை எடுங்கள். மூன்றின் ஆறாம் படி 729, அது பெரிது, ஆகாது. இரண்டின் ஆறாம் படி 64. பத்து அறுபத்துநான்கு 640. மிச்சம் 63-க்கும் ஒன்று ஒன்றாகத்தான் போட வேண்டும். மொத்தம் 73. ஆக எழுபத்துமூன்றாவது வேண்டும். எல்லா எண்ணுக்கும் 73 போதும் என்று நிரூபிப்பதுதான் கடினம். பிள்ளை அதை 1940-இல் செய்தார். அதற்குச் சில ஆண்டுகள் முன்பே, பெரிய படிகளுக்குப் பொதுவான ஒரு விதியை அவரும், அமெரிக்காவில் டிக்சனும், ஒருவர் செய்வது ஒருவருக்குத் தெரியாமல் கண்டுபிடித்திருந்தார்கள்.

அந்த விதி ஒரு அசமன்பாட்டின் மேல் நிற்கிறது. மூன்றின் படியை இரண்டின் அதே படியால் வகுங்கள்; ஈவையும் மீதியையும் கூட்டுங்கள். அந்தக் கூட்டல் வகுத்த எண்ணைத் தாண்டாமல் இருந்தால் விடை எளிது: வகுத்த எண்ணோடு ஈவைக் கூட்டி இரண்டு குறைக்க வேண்டும். ஆறாம் படிக்கு 729-ஐ 64-ஆல் வகுத்தால் ஈவு 11, மீதி 25, கூட்டினால் 36, 64-ஐத் தாண்டவில்லை. 64 + 11 − 2 = 73. நாலாம் படி எல்லாரையும் அலைக்கழித்து, கடைசியில் 1986-இல்தான் முடிந்தது. முடித்த மூவரில் ஒருவர் சென்னைக் கணித அறிவியல் நிறுவனத்தின் ஆர். பாலசுப்பிரமணியன்.

1950-இல் பிரின்ஸ்டனில் ஒரு வருஷம் தங்க பிள்ளைக்கு அழைப்பு வந்தது. ஹார்வர்டில் நடக்க இருந்த உலகக் கணித மாநாட்டுக்கும் சேர்த்துப் புறப்பட்டார். ஆகஸ்டு 31-ஆம் தேதி கெய்ரோவுக்குப் பக்கத்தில் விமானம் விழுந்து இறந்துபோனார். வயது நாற்பத்தொன்பது.

அந்த ஈவும் மீதியும் சேர்ந்து வகுத்த எண்ணைத் தாண்டிப்போகிற படி ஏதாவது இருக்கிறதா? இருந்தாலும் எண்ணி முடிக்கக்கூடிய அளவுதான் இருக்கும் என்று மாலர் என்ற கணிதர் 1957-இல் காட்டினார். கம்ப்யூட்டரை வைத்து நாற்பத்தேழு கோடிப் படிவரை தேடியிருக்கிறார்கள், ஒன்றும் அகப்படவில்லை. இல்லவே இல்லை என்று நிரூபித்தவர் இன்றுவரை யாருமில்லை. பின்வரிசையில் உட்கார்ந்திருக்கிற பிள்ளைகள் வீட்டுக்குப் போய் ஏழாம் படியைப் போட்டுப் பாருங்கள். 2187-ஐ 128-ஆல் வகுக்க வேண்டும். எனக்கு 143 வந்தது.